வலை ஏற்றாத வள்ளம்

ஊர் சுற்றப் போகிறவர்களை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். புதுசு, பழசு. கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இருக்கிறது என் டிராவல்ஸ். படியேறி வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் எந்த வகை என்று சொல்லிவிடுவேன். புதுசு பையை மடியிலேயே வைத்துக்கொள்ளும். "அங்க நம்ம மாதிரி சோறு கிட்டுமா மக்கா?" என்பதுதான் அதன் முதல் கேள்வி. பழசு என் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இங்க போயாச்சு, இங்கயும் போயாச்சு, ஒண்ணும் இல்ல" என்று உதட்டைப் பிதுக்கும்.

புதுசுக்கு மூணாறு, மைசூர். அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டும், அறையில் வெந்நீர் வர வேண்டும், விடியற்காலையில் எழுப்பி எதையும் காட்டக் கூடாது. பழசுக்கு மேகாலயா, ஸ்பிட்டி, வியட்நாம். கொஞ்சம் கஷ்டப்படுத்தி அனுப்பினால்தான் அவர்களுக்குப் போன மாதிரி இருக்கும். இதை மாற்றிச் செய்தால் தொலைந்தேன். முதல் பயணமே லடாக்தான் என்று அடம்பிடித்த ஒரு தலைமையாசிரியர் மூச்சு வாங்கி, ஹோட்டல் சன்னல் வழியாகவே லடாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்றைக்கும் என்னைக் கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

அந்த ஒருவரைத் தவிர என் கணக்கு தப்பியதே இல்லை. பெமிலா ஆளைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவாள் என்று ஒரு பெயர் உண்டு எனக்கு. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் கணிசமானது.

போன தை மாதம் ததேயுஸ் மாமாவும் புஷ்பலீலா மாமியும் என் படியேறி வந்தார்கள். இனயத்துக்காரர்கள். மாமா ஆயுசு முழுக்கக் கடலில் மீன் பிடித்தவர். முட்டி தேய்ந்துவிட்டது, இனி போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வள்ளத்தைக் கடியப்பட்டணத்தில் ஒருவருக்கு விலை பேசி முடித்தாகிவிட்டது, மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொண்டு போவார். தோஹாவில் இருக்கும் மகன், "அம்மாவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்று போனில் சொல்லியிருக்கிறான்.

"மாமா இதுக்கு முன்ன எங்கெல்லாம் போயிருக்கிய?" என்று கேட்டேன்.

"லட்சத்தீவு. மாலத்தீவுக்கு அங்க தள்ளி. ஓமன் கடலு வர போயிருக்கேன். ஒருக்கா எஞ்சின் நிண்ணுபோயி காத்து கொண்டு போன எடம் எதுன்னு இப்பமும் தெரியாது."

"மாமி?"

"வேளாங்கண்ணி. பின்ன மகளுக்க பேறுக்குத் திருவனந்தபுரம்."

மனசுக்குள் குறித்துக்கொண்டேன். மாமா பழசிலும் பழசு. மாமி அசல் புதுசு. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதுதான் என் தொழிலில் கஷ்டமான வேலை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மாமிக்கு எங்க போகணும்?"

மாமி என்னை நேராகப் பார்த்தார். "சொன்னா கொண்டு போவியா?"

"சந்திரனத் தவிர எங்க வேணும்னாலும்."

"இவரு போற எடத்துக்குப் போவணும்."

மாமா சிரித்தார். "இதுதான் ஒரு மாசமா வீட்டுல நடக்குது" என்றார் என்னிடம்.

மாமி சிரிக்கவில்லை. "கல்யாணம் கழிஞ்ச நாளுல இருந்து இவரு வள்ளம் எறக்கும்ப நான் கரையில நிப்பேன் மக்கா. வள்ளம் கண்ணுல இருந்து மறையிறது வர நிப்பேன். இந்த மனுசன் ஒருக்கா, ஒருக்காகூடத் திரும்பிப் பாத்தது இல்ல. அங்க இருந்து பாத்தா நான் தெரிவேனா? தெரிஞ்சா எதுவர தெரிவேன்? எனக்கு அது ஒண்ணு அறியணும். வள்ளத்த அவன் கொண்டு போயாச்சுன்னா பின்ன நான் எப்பம் அறிய?"

"தொழிலுக்குப் போறவன் கரையத் திரும்பிப் பாக்கப்பிடாது" என்றார் மாமா. "எங்க அப்பன் சொல்லி வச்சது. பாத்தா மனசு கரையிலயே கெடக்கும், கை வலையில நிக்காது. பெண்ணுவ வள்ளத்துல ஏறவும் பிடாது. அதும் அப்பன் சொன்னதுதான்."

"உங்க அப்பன் எனக்குன்னு பாத்துப் பாத்து சொல்லி வச்சிட்டுப் போனாரு."

எனக்கு அந்த ஆசை பிடிபடவே இல்லை. கடலைப் பார்த்தபடியே பிறந்து வளர்ந்த ஒருத்தி, அதே கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்கிறாள். அதற்கு எதற்கு டிராவல்ஸ்? மாமியைச் சமாதானப்படுத்தி மூணாறுக்கு ஒரு கார் போட்டுக் கொடுத்தேன். மாமாவுக்குச் சலிக்காமல் இருக்கக் கொஞ்சம் காட்டுப் பாதை, மாமிக்குப் பயமில்லாமல் இருக்க நல்ல ஓட்டுநர். வண்டி ஓட்டும் ரதீஷிடம், "முன் சீட்டுல மாமிய உக்கார வை, வளைவுல வாந்தி வரும், கவர் எடுத்து வச்சுக்கோ. மாமா ஓமன் வர போன ஆளு, அவருக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லியனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் ரதீஷ் கூப்பிட்டான்.

"அக்கா, ஆளை மாத்திச் சொல்லிட்டியளா?"

"ஏலே, என்ன?"

"மாமிக்கு ஒண்ணும் இல்ல. சன்னலுக்கு வெளிய தலைய நீட்டி வாயைப் பொளந்து பாத்துட்டு வாறாவ. மாமாதான் அடிமாலி தாண்டினதுல இருந்து விடாம கவர் கேக்காரு. ஒரு வியூ பாயிண்டுல எறக்கி விட்டேன். கம்பியக் கட்டிப் பிடிச்சிட்டு கண்ண மூடிட்டாரு. தண்ணி இல்லாத ஆழத்த நான் பாத்ததில்ல மக்களே, என்னைய வண்டியில ஏத்துன்னு கெஞ்சுதாரு."

"மாமி என்ன செய்யுறாவ?"

"மாமாக்க கையப் பிடிச்சிட்டு நிக்காவ. கீழ என்ன தெரியுதுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுக்காவ. பச்சப் பசேல்னு தேயில, நடுவுல வெள்ளத் துணி மாதிரி ஒரு ஆறு, அதுல ஒரு ஆளு குளிக்கான்னு. மாமா கண்ணத் தெறக்காமலே தலைய ஆட்டுதாரு."

போனை வைத்தேன். அலையின் மேல் நாற்பது வருஷம் நின்றவருக்கு நிலம் புதுசு. இது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அவர்கள் திரும்பி வந்த மூன்றாம் நாள் மாமா தனியாகப் படியேறி வந்தார். முகம் இன்னும் தெளியவில்லை. நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"மக்கா, அவ என்னைய மலை மேல கொண்டு போயி, ஒரு கேடும் இல்லாம திரும்பக் கொண்டு வந்துட்டா. நான் அவளக் கடலுல கொண்டு போவணும். அவன் வள்ளம் எடுக்க வாறது சனியாழ்ச்ச. அதுக்கு முன்ன."

"அப்பன் சொன்னது?"

அவர் அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அப்பன் சொன்னது தொழிலுக்குப் போற வள்ளத்துக்கு. நான் வலை ஏத்த மாட்டேன். ஒரு தூண்டிகூட எடுக்க மாட்டேன். வலை இல்லாம போனா அது தொழில் இல்ல, டூர். ஆனா டூர்னு நான் மட்டும் சொன்னா கரையில ஆரும் ஒத்துக்கிட மாட்டானுவ. நீ வரணும். நீ ஆளுவளக் கூட்டிட்டுப் போவும்ப ஒரு மஞ்சக் கொடி பிடிப்பியே, அதையும் எடுத்துக்க."

எனக்கு நீந்தத் தெரியாது. அதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "மூணு லைஃப் ஜாக்கெட் எடுத்துட்டு வாறேன் மாமா" என்றுதான் சொல்ல வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இனயம் போனேன். தை மாதக் கடல் அடங்கிக் கிடந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலை மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு புஷ்பலீலா மாமி, சுடிதார் மேல் அதே ஜாக்கெட்டோடு நான், வள்ளத்தின் முனையில் என் மஞ்சள் கொடி.

"ததேயுஸ் அண்ணே, இது என்ன கோலம்?" என்று ஒருவர் கேட்டார்.

"டூர்லே. கொடி கட்டியிருக்கு, கண்ணு தெரியலியா?"

"வலை?"

"டூருக்கு என்னத்துக்கு வலை?"

அவர்கள் மறுபடி வலையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் எழுந்து வந்து வள்ளத்தைத் தள்ளிவிடவும் செய்தார்.

மாமி ஏறுவதற்கு முன் தன் மருமகள் ஜினிஷாவைக் கூப்பிட்டார். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீளமாகக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவின் அடியில், ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். "நான் நிக்கிற எடம் அதுதான். நீ அதுல ஏறி நில்லு. நான் சொல்லாம எறங்கப்பிடாது, கேட்டியா?" ஜினிஷா சிவப்புச் சேலை கட்டி வந்திருந்தாள். அதுவும் மாமியின் உத்தரவுதான்.

வள்ளம் முதல் அலையில் ஏறி இறங்கியபோது இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது அலையில் நான் யாருடைய பெயரையோ சொல்லிக் கத்தினேன். மாமி கத்தவில்லை. அவர் வள்ளத்தின் குறுக்குப் பலகையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாமா பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்திருந்தார். ஆக, மாமிக்கு மாமாவின் முகமும் அவர் தோளுக்கு மேலே கரையும் சேர்ந்து தெரிந்தன. மாமாவுக்கு மாமியும் கடலும்.

"தெரியுறாளா?" என்று மாமா கேட்டார்.

"தெரியுறா. கைய ஆட்டுறா. முக்காட்ட இழுத்து விடுறா."

அலை ஓய்ந்து, தண்ணீர் நிறம் மாறியது. பச்சை கருநீலமானது. கீழே எத்தனை ஆழம் என்று கேட்க நினைத்து, கேட்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

"இப்பம்?"

"சிவப்பு தெரியுது. முகம் இல்ல."

கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். மாமி கண்ணைச் சுருக்கினார், கையைப் புருவத்துக்கு மேல் வைத்தார். நானும் பார்த்தேன். பாறைகள் இருந்தன, குடிசைகள் இருந்தன, கோயில் கோபுரம் இருந்தது. சிவப்பு மட்டும் எங்கேயும் இல்லை.

"போயிட்டா" என்றார் மாமி. "இவ்வளவுதானா? இத்தன சீக்கிரமா?"

"அதுக்குத்தான் சொன்னேன்" என்றார் மாமா, தலையைத் திருப்பாமலே. "திரும்பிப் பாத்திருந்தாலும் நீ தெரிஞ்சிருக்க மாட்ட."

மாமியின் முகம் வாடிப்போனது. எனக்கு ஏன்டா வந்தோம் என்று இருந்தது. தெரிந்துகொள்ள வந்தார், தெரிந்துகொண்டார். இனி திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், எஞ்சின் சத்தத்தைக் குறைத்தார்.

அப்போதுதான் மாமி என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி பெமிலா. அது என்ன?"

தென்னந்தோப்புகளுக்கு மேலே மலை எழுந்துகொண்டிருந்தது. ஆம், எழுந்துகொண்டுதான் இருந்தது. கரையில் நிற்கும்போது தென்னையும் வீடுகளும் மறைத்துக்கொண்ட மலை, நாங்கள் விலக விலக மேலே மேலே வந்தது. முதலில் ஒரு நீல விளிம்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், வானத்தோடு வானமாக, இன்னும் பெரிதாக ஒன்று. வடக்கே கண்ணுக்கு எட்டாத இடத்தில் தொடங்கி, மடிப்பு மடிப்பாக வந்து, தெற்கே மருந்துவாழ்மலையில் தாழ்ந்து முடிந்தது. சூரியன் அதன் பின்னால் இருந்து ஏறியதால் இடுக்கு இடுக்காக வெளிச்சம் வழிந்தது. இனயம், அதன் கோயில், அத்தனை வீடுகள், அத்தனை தென்னை எல்லாம் சேர்ந்து அந்த மலையின் காலடியில் விரல்கடை உயரம்கூட இல்லை.

"இது எல்லாம் நம்ம வீட்டுக்குப் பொறத்தயா நிக்குது?" என்று கேட்டார் மாமி.

"ஆமா மாமி."

"எண்ணைக்கும் நிக்குதா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் இருந்து இந்த மலையைத் துண்டு துண்டாக நானும் பார்த்தவள்தான். இமயமலையைக் காட்ட வருஷத்துக்கு நாலு முறை ஆள் கூட்டிப் போகிறவள். அதைப் பார்த்து அழுகிறவர்களுக்குக் கைக்குட்டை கொடுத்துவிட்டு மணியைப் பார்ப்பவள். என் ஊர் இத்தனை பெரிய மலையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்பது அன்று வரை எனக்குத் தெரியாது. கும்பிட வேண்டும் போல இருந்தது, கையை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் கும்பிடவில்லை.

"திரும்பி வாறப்ப இதைத்தான் பாத்து வருவேன்" என்றார் மாமா. "முதல்ல மலை வரும். பின்னதான் கரை."

அப்படியென்றால் திரும்பி வரும்போது ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். போகும்போது ஒரு தடவைகூட இல்லை. இப்போதும் அவர் திரும்பவில்லை. மாமி மலையைப் பார்த்துக்கொண்டே, மூணாற்றில் சொன்ன மாதிரி, அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "நடுவுல ஒண்ணு கூம்பா நிக்குது. அதுக்குத் தெக்க ஒரு மேகம் தங்கிக் கெடக்கு." மாமா மூணாற்றில் செய்த மாதிரியே தலையை ஆட்டினார்.

மாமியின் போன் அடித்தது. எஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமி, நான் இனியும் நிக்கணுமா? வெயிலு கொல்லுது." ஜினிஷா.

"ஏட்டி, நீ இன்னும் அங்கயா நிக்க? நீ மறஞ்சு எவ்வளவு நேரமாச்சு!"

"நான் எங்க மறஞ்சேன்? நீங்க எறங்கச் சொல்லலியே. வள்ளம் நல்லா தெரியுதே."

மாமி போனை என்னிடமிருந்து வாங்கி, மாமாவிடம் நீட்டினார்.

"நீங்களே கேளுங்க."

மாமா போனைக் காதருகே வைத்தார். "மக்கா. வள்ளமா தெரியுது?"

"ஆமா மாமா. வெள்ளையா, நல்லா தெரியுது."

அவர் எஞ்சினை முடுக்கினார். வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோயில் கோபுரம் ஊசியானது. வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கோடானது.

"இப்பம்?"

"தெரியுது மாமா. சின்னதா."

இன்னும் போனார். தென்னையும் கரையும் ஒன்றாகக் கலந்து, அந்தக் கோடும் தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. மலை மட்டும் குறையவே இல்லை.

"இப்பம் தெரியாது" என்றார் மாமா போனில். கேள்வி மாதிரி இல்லை அது.

"தெரியுது மாமா. பொட்டு கணக்கா. அலையில மறையுது, பின்ன வருது. மறையுது..."

அதோடு சிக்னல் போய்விட்டது.

மாமா போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். அத்தனை அமைதியை என் வாழ்க்கையில் கேட்டதில்லை. வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

"நீ இத்தன நேரம் நிப்பியா?" என்று மாமியைக் கேட்டார்.

"பின்ன?"

"அலை தாண்டினதும் வள்ளம் மறஞ்சிரும், நீயும் வீட்டுக்குப் போயிருப்பன்னுதான் நெனச்சேன்."

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. நானா நெனச்சேன். நாப்பது வருசமா."

அவர் எழுந்தார். தேய்ந்த முட்டியோடு, ஆடுகிற வள்ளத்தில், எதையும் பிடிக்காமல் நின்றார். மூணாற்றில் கம்பியைக் கட்டிப்பிடித்த ஆள் இவர்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு மெதுவாகத் திரும்பி, கரை இருந்த திசையைப் பார்த்தார். மலை இருந்தது. அதன் கீழே கரை என்று சொல்ல எதுவும் இல்லை, யாரும் தெரியவில்லை.

யாருமே தெரியாத அந்த இடத்தைப் பார்த்து ததேயுஸ் மாமா வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினார். ஒரு தடவை ஆட்டிவிட்டு நிறுத்தவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தார். மாமி அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கையை இறக்கும் வரை, பட்டுச்சேலையின் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.